எஞ்சின் எங்கே மூச்சுத் திணறுகிறது?

பெட்ரோல் எஞ்சின் ஒன்றின் திறனுக்கு எல்லை கட்டுவது அதற்குள் செல்லும் காற்றின் எடையே. எரிபொருள் திரவம் என்பதால் அதை வேண்டிய அளவு பீய்ச்சுவது எளிது. ஆனால் ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவைப்படுவதால், சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நுழைகிறதோ அந்த அளவுக்கே எரிபொருளும் பயன்படும். எஞ்சினைப் பிரிக்காமல், ஸ்பானரைக் கொண்டு ஒரு பிற்பகலில் மாற்றிவிடக்கூடிய பாகங்களாகச் சந்தையில் விற்கப்படும் ஏர் ஃபில்டர், குளிர்காற்றுக் குழாய், அகலமான த்ராட்டில் பாடி, எக்ஸாஸ்ட் ஹெட்டர், நேர்வழிச் சைலன்சர், இவற்றோடு சேர்த்துச் செய்யப்படும் கணினி ரீமேப் ஆகிய அனைத்தும் அளிக்கும் வாக்குறுதி ஒன்றுதான்: எஞ்சின் இன்னும் தாராளமாகச் சுவாசிக்கும், அதனால் கார் இன்னும் வேகமாக ஓடும். இந்த வாக்குறுதி ஒரேயடியாகத் தள்ளிவிடத்தக்கதன்று. சில எஞ்சின்களில் அது முழு உண்மை, பலவற்றிலோ செலவழித்த பணத்துக்குச் சத்தம் மட்டுமே மிச்சம். எந்த எஞ்சினில் எது நிகழும் என்பதை, காற்று போகும் பாதையில் அது எந்த இடத்தில் தடைபடுகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிந்து தள்ளுதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு வீச்சுகளில் இயங்கும் 2 லிட்டர் எஞ்சின் ஒன்று, இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை 2 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் அது நிமிடத்துக்கு 6000 லிட்டர், அதாவது வினாடிக்கு 100 லிட்டர் காற்றை விழுங்கும். ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம் என்பதால் வினாடிக்கு 120 கிராம் காற்று உள்ளே போகிறது. முழு வேகத்தில் கலவை சற்றுச் செறிவாக, 13 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற அளவில் இருக்குமானால், வினாடிக்கு 9 கிராமுக்குச் சற்று மேல் பெட்ரோல் எரியும். கிராமுக்கு 44 கிலோஜூல் வெப்பமும், அதில் 30 சதவீதம் தண்டைச் சுழற்றும் வேலையாக மாறுவதும் என்று கணக்கிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 120 கிலோவாட், அதாவது 160 குதிரைத்திறன். சிலிண்டரின் கொள்ளளவில் எத்தனை சதவீதம் உண்மையில் புதுக்காற்றால் நிரம்புகிறது என்பதைப் பொறியாளர்கள் கனஅளவுத் திறன் என்பர். மேற்கண்ட கணக்கு அதை 100 சதவீதமாக எடுத்துக்கொண்டது. சாதாரண எஞ்சினில் அது 85 முதல் 90 வரை நிற்கும், நன்கு வடிவமைத்த எஞ்சினில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் 100-ஐத் தாண்டுவதும் உண்டு. பொருத்துபாகங்கள் பிடிக்க முயல்வது இந்த மீதிச் சில சதவீதங்களைத்தான்.

காற்றின் பாதையில் ஃபில்டர், குழாய், த்ராட்டில், கிளைக்குழாய்கள், வால்வு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தடைகளில் மிகக் குறுகியதே மொத்த ஓட்டத்தை ஆள்கிறது. மடை குறுகலாக இருக்கையில் வாய்க்காலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் வயலுக்குப் பாயும் நீர் கூடுவதில்லை. எஞ்சினில் அந்த மடை பெரும்பாலும் உள்வால்வே ஆகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெடுங்காலம் எஞ்சின் ஆய்வு நடத்திய சார்லஸ் ஃபயெட் டெய்லர், பிஸ்டனின் வேகம், வால்வின் பரப்பு, அது திறக்கும் அளவு ஆகியவற்றைச் சேர்த்து உள்வால்வு வழியே செல்லும் காற்றின் சராசரி வேகத்தைக் குறிக்கும் ஒரு குறியீட்டை வகுத்து, அது ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 0.6 பங்கை எட்டியதும் கனஅளவுத் திறன் செங்குத்தாகச் சரியத் தொடங்குவதைக் காட்டினார். அந்த எல்லையை எட்டிவிட்ட எஞ்சினுக்கு, பெரிய வால்வும் அதை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் தண்டும் வேண்டும்; அவை ஸ்பானரும் ஒரு பிற்பகலும் போதுமான வேலைகள் அல்ல.

இந்த வெளிச்சத்தில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். முழு ஓட்டத்தில் ஒரு சுத்தமான காகித ஃபில்டர் அதில் 1 கிலோபாஸ்கலை விழுங்குகிறது என்று கொண்டாலும், அதன் பங்கு மொத்தத்தில் 1 சதவீதம்; ஃபில்டரையே கழற்றி எறிந்தால் கிடைக்கும் உச்ச ஆதாயம் 160-இல் ஒன்றரைக் குதிரைத்திறன். தடையைப் பாதியாகக் குறைக்கும் விலையுயர்ந்த ஃபில்டர் தருவது அதிலும் பாதி. அதுவும் ஆக்சிலேட்டரை முழுவதுமாக மிதித்திருக்கும்போது மட்டுமே. ஏனெனில் அன்றாட ஓட்டத்தில் த்ராட்டில் என்னும் தகடு பாதி மூடிய நிலையில் நின்று, ஃபில்டரைப் போலப் பல மடங்கு தடையை ஓட்டுநரின் விருப்பப்படியே ஏற்படுத்திக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே காட்டியது: எரிபொருளைக் கணினி பீய்ச்சும் நவீன கார்களில் ஃபில்டர் அடைத்துப்போனாலும் எரிபொருள் சிக்கனத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, அடைத்த ஃபில்டரை மாற்றியபோது வேகமெடுக்கும் நேரம் மட்டும் 6 முதல் 11 சதவீதம் சீரடைந்தது. அடைத்துப்போன ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதே பெரிய ஆதாயம் என்றும், சுத்தமான ஃபில்டரை இன்னொரு சுத்தமான ஃபில்டரால் மாற்றுவதில் ஆதாயம் சொற்பம் என்றும் இதிலிருந்து தெளியலாம். தடையைக் குறைக்கத் துளைகளைப் பெரிதாக்கிய ஃபில்டர், தூசியையும் கூடுதலாக உள்ளே விடும் வாய்ப்பு உண்டு. மணல் தூசி சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அரைப்பது. எண்ணெய் தடவிய வகை ஃபில்டரில் எண்ணெய் மிகுந்துவிட்டால், காற்றின் அளவை உணரும் சூட்டுக்கம்பியில் அது படிந்து அளவையே தவறாக்கும்.

குளிர்காற்றுக் குழாய் இதைவிடச் சற்று நியாயமான கருத்தை அடிப்படையாகக் கொண்டது. காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் குறைந்தால் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் உயரும். ஆனால் போகும் வழியிலும் சூடான சிலிண்டருக்குள்ளும் காற்று மறுபடி சூடேறிவிடுவதால், திறனில் அதன் பாதியளவே மிஞ்சும். பெரும்பாலான கார்களில் தயாரிப்பாளரே காற்றை முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ சக்கர வளைவுக்குள்ளிருந்தோ எடுத்து வருகிறார் என்பதைச் சந்தைப் பாகத்தின் பெட்டி சொல்வதில்லை. தொழிற்சாலையில் ஃபில்டரை மூடிப் பொருத்திய மூலப்பெட்டியை அகற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரை பானெட்டுக்குள்ளேயே திறந்தவாறு நிறுத்தும் குட்டைக் குழாய்களோ, ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்றை உறிஞ்சி, நெரிசலில் நிற்கும் காரில் இருந்த திறனையும் குறைத்துவிடுகின்றன.

உறிஞ்சு குழாயின் நீளத்தை மாற்றுவது என்ன செய்யும் என்பதை 1960-இல் வெளிவந்த கிரைஸ்லர் 300 எஃப் காரின் எஞ்சினைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. 6.8 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த வி-8 எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர்கள் எஞ்சினின் இரு பக்கமும் வெளியே தொங்க, ஒவ்வொன்றிலிருந்தும் 30 அங்குலம், அதாவது 76 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய்கள் எஞ்சினின் தலைக்கு மேல் குறுக்கே பாய்ந்து எதிர்ப்பக்கச் சிலிண்டர்களுக்குச் சென்றன. பிஸ்டன் இறங்கி உறிஞ்சும்போது எழும் தாழ்வழுத்த அலை, குழாய் வழியே ஒலியின் வேகத்தில் வெளிநோக்கி ஓடி, திறந்த முனையில் பட்டு உயரழுத்த அலையாகத் திரும்பி வரும். வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் திணித்துவிடும். 76 சென்டிமீட்டர் சென்று திரும்ப ஏறத்தாழ 4.5 மில்லிவினாடி ஆகிறது. நிமிடத்துக்கு 2800 சுழற்சியில் அந்த நேரத்துக்குள் கிராங்க் தண்டு ஏறத்தாழ 75 பாகை திரும்பியிருக்கும். இந்த எஞ்சினின் முறுக்குவிசை உச்சம் அடைந்ததும் அதே 2800-இல்தான். உச்சத் திறன் 375 குதிரைத்திறன். பந்தயத்துக்கென்று கிரைஸ்லர் செய்த மாற்று வடிவத்தில் குழாய்களின் வெளித்தோற்றம் மாறவில்லை. உள்ளே இருந்த தடுப்புச் சுவர்களைப் பாதிவரை நீக்கியதால் அலைக்குரிய நீளம் மட்டும் 15 அங்குலமாகக் குறைந்தது. உச்சத் திறன் 5200 சுழற்சியில் 400 குதிரைத்திறனாக உயர்ந்தது. ஆனால் சாலையில் நாள்தோறும் பயன்படும் தாழ்ந்த சுழற்சிகளில் இருந்த இழுவை கைவிட்டுப்போனது. குட்டையான அல்லது அகலமான குழாயை வாங்கிப் பொருத்துவோர் பலரும் இந்தப் பரிமாற்றத்தைத்தான் அறியாமல் செய்கிறார்கள்: அரிதாகத் தொடும் 6000 சுழற்சியில் சில குதிரைத்திறனைப் பெற, எப்போதும் ஓடும் 2500-இல் சிலவற்றைக் கொடுத்துவிடுகிறார்கள்.

வெளியேறும் பக்கத்திலும் அலைகளே ஆள்கின்றன. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் பாயும் வாயுத்துடிப்பு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாயாக நீண்டு பின்னர் ஒன்றுசேரும் ஹெட்டரில், தனக்குப் பின்னால் ஒரு தாழ்வழுத்தத்தை உண்டாக்கும். உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் சிறு இடைவேளையில் அந்தத் தாழ்வழுத்தம் எஞ்சிய புகையை உறிஞ்சிவிட்டுப் புதுக்காற்றையும் இழுத்துக்கொடுக்கும். எஞ்சினுக்குப் பின்னழுத்தம், அதாவது வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம், தேவை என்று பட்டறைகளில் நிலவும் நம்பிக்கை சரியன்று. தேவைப்படுவது வாயுவின் வேகமும் துடிப்பின் காலப்பொருத்தமும். அளவுக்கு மீறி அகலமான குழாயில் வாயு மெதுவாகிக் காலம் தவறுவதால் தாழ்சுழற்சியில் இழுவை குறைகிறது. வார்ப்பிரும்பில் குட்டையாக வார்த்த பழைய மேனிஃபோல்டுகளைக் கொண்ட கார்களில் ஹெட்டர் உண்மையான பலன் தந்தது. 1989-இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களிலோ, துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களால் ஆன ஹெட்டர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்ததால், சந்தை ஹெட்டருக்கு மிச்சம் வைக்கப்பட்டது கொஞ்சமே. அந்தக் காரில் காற்றை நெரித்தது வேறோர் இடம்: உள்ளே வரும் காற்று, விறைப்பான வில்லோடு கூடிய ஒரு கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போகும் பழைய வகை அளவி.

சைலன்சருக்கு முன்னே இருக்கும் வினைவேகமாற்றியை, அதாவது நச்சுப்புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை, நீக்கிவிட்டு வெற்றுக்குழாய் பொருத்தும் பழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. கிடைக்கும் சில குதிரைத்திறனுக்கு விலையாகப் பிறர் மூச்சில் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கலக்க யாருக்கும் உரிமையில்லை. கலிஃபோர்னியாவில் மாசுக்கட்டுப்பாட்டைப் பாதிக்கக்கூடிய ஒவ்வொரு பொருத்துபாகமும் அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் சோதனையில் தேறி ஆணை எண் பெற்றிருந்தால்தான் சாலையில் செல்லும். இந்தியாவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூல விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடும்படி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது.

இன்றைய காரில் இந்த இயந்திரப் பாகங்கள் அனைத்துக்கும் மேலாக ஒரு கணினி அமர்ந்திருக்கிறது. காற்றின் அளவு, புகையில் எஞ்சும் ஆக்சிஜன், எரிபொருள் தானாகவே முன்கூட்டி வெடிப்பதால் எழும் நாக்கிங் அதிர்வு ஆகியவற்றை உணர்ந்து, பீய்ச்சும் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் அது நொடிக்கு நொடி திருத்துகிறது. அந்தத் திருத்த அட்டவணைகளை மாற்றி எழுதுவதே ரீமேப். வெளிக்காற்றைத் தானாக உறிஞ்சும் எஞ்சினில் ரீமேப் தருவது சில சதவீதமே, ஏனெனில் காற்றின் எடையை மென்பொருளால் பெரிதாகக் கூட்ட இயலாது. டர்போ எஞ்சினின் கதை வேறு. புகையின் விசையால் சுழலும் விசிறி காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் அந்த அமைப்பில், எவ்வளவு அழுத்தம் என்பதை முடிவு செய்வது கணினியே. ஆகவே ஃபில்டரை மாற்றினால் கணினி பழைய இலக்கையே பிடித்துக்கொள்ளும், இலக்கை மாற்றினால் காற்றின் எடையே கூடும். வோல்க்ஸ்வாகன் தன் 1.0 லிட்டர் டர்போ எஞ்சினை ஐரோப்பிய போலோ காரில் 95 குதிரைத்திறனும் 175 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசையும் கொண்டதாக ஒரு விலைக்கும், 115 குதிரைத்திறனும் 200 நியூட்டன்மீட்டரும் கொண்டதாக இன்னொரு விலைக்கும் விற்றதிலிருந்தே, இவ்வகை எஞ்சின்களில் இடம் விட்டு வைக்கப்படுவது புலப்படும். அந்த இடம் வீணாக விடப்பட்டதன்று. தரம் குறைந்த பெட்ரோல், கோடை வெப்பம், மலையேற்றம், கிளட்ச்சும் கியர்பெட்டியும் தாங்கும் முறுக்குவிசை ஆகியவற்றுக்காகத் தயாரிப்பாளர் ஒதுக்கிய பாதுகாப்பு அது. ரீமேப் செய்பவர் அதைச் செலவழிக்கிறார். உயர் ஆக்டேன் பெட்ரோலையே எப்போதும் ஊற்றி, எண்ணெயை முன்கூட்டியே மாற்றி, உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்பவருக்கு அது பொருளுள்ள செலவு. ஆக்சிலேட்டர் பெடலுக்கும் கணினிக்கும் இடையே செருகப்படும் சிறு பெட்டிகளோ, பாதி மிதித்ததை முக்கால் மிதித்ததாகக் கணினிக்குச் சொல்வதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. முழுவதும் மிதித்தால் பெட்டி இருப்பதும் இல்லாததும் ஒன்றே. உறிஞ்சு குழாயில் காற்றைச் சுழற்றிவிடும் விசிறித் தகடுகளைப் போன்ற, எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்படும் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்தும், குறிப்பிடத்தக்க பலன் தந்த ஒன்றையும் கண்டதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பாகத்தை மாட்டியவர்கள் வேறுபாட்டை உணர்கிறார்கள் என்றால், அந்த உணர்வில் பெரும்பங்கு காதுக்குரியது. மூலப்பெட்டியில் இருக்கும் வெற்றறைகள் உறிஞ்சொலியை அடக்குவதற்காக வைக்கப்பட்டவை. அவற்றை நீக்கியதும் எழும் உறுமலை மூளை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. அளவைகளும் எளிதில் ஏமாற்றும். சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் டைனோ, அன்றைய வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்பத் தன் எண்ணைத் திருத்திச் சொல்கிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே 1349 என்னும் திருத்தமுறைக்கும் அதற்கு முந்தைய ஜே 607-க்கும் இடையே ஏறத்தாழ 4 சதவீதம் வேறுபாடு உண்டு. முன்பு ஒரு முறையாலும் பின்பு மற்றொன்றாலும் திருத்திய தாள்களை அருகருகே வைத்தால், எதையும் மாட்டாமலேயே 160 குதிரைத்திறனில் 6 கூடிவிடும். பானெட்டைத் திறந்து வைத்து முன்னே பெரிய விசிறியைச் சுழலவிட்டு அளக்கையில், சூடான காற்றை உறிஞ்சும் குட்டைக் குழாயின் குறையும் மறைந்துபோகிறது. பழைய பாகம், புதிய பாகம், மீண்டும் பழைய பாகம் என்று ஒரே நாளில், எஞ்சின் சூடு ஒரே அளவில் இருக்கும்போது பலமுறை அளந்து, மூன்றாவது அளவு முதலாவதோடு ஒத்துப்போனால் மட்டுமே நடுவில் தெரியும் வேறுபாட்டை நம்பலாம்.

உண்மையாகவே கிடைத்த 3 குதிரைத்திறனும் சாலையில் எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1200 கிலோ எடையும் 120 குதிரைத்திறனும் உள்ள காரில் அது 2.5 சதவீதம், டிக்கியில் கிடக்கும் 30 கிலோவை இறக்கி வைத்தாலும் வேகமெடுப்பில் அதே ஆதாயம் கிடைக்கும். அதே பணத்துக்கு நல்ல டயரோ புதிய பிரேக் எண்ணெயோ வாங்கினால் மாற்றம் எளிதில் அளக்கக்கூடியது: டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும், ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 155 பாகைவரை இறங்கிவிடலாம்.

பொருத்துபாகங்கள் எப்போது பலன் தரும் என்பதற்கு மிக நேர்மையான சான்றை ஒரு தயாரிப்பு நிறுவனமே விட்டுச் சென்றிருக்கிறது. ஃபோர்டு 1999-இல் விற்ற மஸ்டாங் எஸ்விடி கோப்ரா, 4.6 லிட்டர் கொள்ளளவும் 32 வால்வுகளும் உள்ள வி-8 எஞ்சினோடு, முந்தைய ஆண்டின் 305-க்குப் பதில் 320 குதிரைத்திறன் கொண்டது என அறிவிக்கப்பட்டது. உரிமையாளர்கள் அதை டைனோவில் ஏற்றியும் நேர்கோட்டுப் பந்தயத்தில் ஓட்டியும் பார்த்தபோது, புதிய கார் பழையதைவிட வேகமாக இல்லை என்பது மீண்டும் மீண்டும் தெரியவந்தது. ஃபோர்டு ஆகஸ்டு மாதம் விற்பனையை நிறுத்திவிட்டு ஆராய்ந்ததில், உறிஞ்சு மேனிஃபோல்டின் குழாய்களுக்குள் வார்ப்பின்போது ஒட்டிக்கொண்ட அலுமினியப் பிசிறுகள் காற்றை மறித்திருந்ததும், எக்ஸாஸ்ட் பாதை எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக இருந்ததும் வெளிப்பட்டன. விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, உள்சுவரை வழவழப்பாக்கிய மேனிஃபோல்டு, வினைவேகமாற்றிக்குப் பின்னுள்ள எக்ஸாஸ்ட் முழுவதும், இவ்விரண்டுக்கும் ஏற்பத் திருத்திய கணினி அட்டவணை ஆகிய மூன்றையும் கட்டணமின்றி மாற்றிக்கொடுத்தது. சந்தையில் விற்கப்படும் அதே வகைப் பாகங்கள்தான் இவையும். தடை எங்கே என்று அளந்து கண்டுபிடித்த பிறகு, அந்த இடத்தில் மட்டும், ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாட்டியதால் பலித்தன. பழுதை நேர்செய்யும் பொருட்டு 2000-ஆம் ஆண்டுக்கு வழக்கமான கோப்ரா மாதிரியே வெளியிடப்படவில்லை. 2001-இல் அது மீண்டும் 320 குதிரைத்திறன் என்ற அதே எண்ணோடு விற்பனைக்கு வந்தது.